பூவரசு அறையிலிருந்து வந்த புகார்

என் வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. ஆனாலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் என்னைப் பற்றிப் பேசும்போது சுகன்யா, "நம்ம ரிட்டையர்டு அக்கா" என்றுதான் சொல்கிறாளாம். புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், கடற்கரையை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அங்கேதான். மகள் வயிற்றில் இருந்தபோது நின்றுவிட்டேன். இப்போது அந்த நாற்காலியில் சுகன்யா உட்கார்ந்திருக்கிறாள்.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வராண்டா பூரா வெள்ளையா ஒரு பொட்டி மாட்டி வெச்சிருக்காங்க. சத்தம் ஜாஸ்தியானா நம்ம போனுக்கு மெசேஜ் வருது. எந்த ரூமுன்னு அதுவே காட்டுது. அந்த ரூமுக்கு ஒரு போன் போட்டுச் சொன்னா வேல முடிஞ்சுது."

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான். ஆனா புதுசா வந்ததுங்க எதுக்கும் எழுந்திரிக்கறதே இல்ல. பொட்டி சொல்லலன்னா ஒண்ணும் இல்லன்னு உக்காந்துக்கினு இருக்குதுங்க. அந்தப் புன்னை ரூம் கதைய நீங்க எழுதிக் குடுங்க. நான் சொன்னா சிரிக்குதுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு எழுதலாமா என்று யோசித்தேன். அந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றைக் குறை சொல்வது சரியா? அதே சமயம், எழுதாமல் விட்டு அங்கே ஏதாவது நடந்தால்? கடைசியில் இந்த இரண்டாவது பயம்தான் ஜெயித்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் பாகூரில் பிறந்தவள். புதுச்சேரியில் பி.காம் படித்தேன். பிறகு விடுதி வரவேற்பு வேலைக்கென்று ஒரு குறுகிய பயிற்சி. புன்னகை செய்வது, பெயர் எழுதுவது, சாவி கொடுப்பது எல்லாம் அங்கே சொல்லித் தந்தார்கள். விடுதியில் தங்குபவர்கள் எதைப் பற்றி அதிகமாகப் புகார் சொல்வார்கள் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. சாப்பாடு இல்லை, கொசு இல்லை. சத்தம்தான். பக்கத்து அறைக்காரர் டிவி, மேசை இழுப்பது, குழந்தைகள் வராண்டாவில் ஓடுவது, பாட்டுப் பெட்டி, குடித்துவிட்டுச் சண்டை, குடிக்காமலும் சண்டை. ஊருக்கு வெளியே தோப்புக்குள் இருக்கிறது, அமைதியாக இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் காலையில் படகு இன்ஜின் சத்தம், பகலில் மோட்டார் சத்தம், ஆடியில் ஒலிபெருக்கி.

ஒரு மழை நாளில் ஒருவர் மேசைக்கே வந்து, குளத்தில் கத்தும் தவளைகளை நிறுத்தச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் மேலாளர் அந்துவான் சார் முகம் மாறாமல், "சொல்லிப் பாக்குறேன் சார்" என்றார். அவர் நிஜமாகவே குடையை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். புகார் சொன்னவருக்குக் கோபம் போய்விட்டது.

அந்துவான் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சேரி டவுன்காரர். எப்போதும் அரைக்கைச் சட்டையில் மடிப்பு கலையாமல் இருப்பார். யாராவது கத்தினால் அவர் குரலைத் தாழ்த்துவார். அவர்கள் இன்னும் கத்தினால் இன்னும் தாழ்த்துவார். கடைசியில் அவர் சொல்வது கேட்க வேண்டுமென்றால் அவர்கள் வாயை மூடித்தான் ஆக வேண்டும். எங்களையும் அவர் கத்தித் திட்டியதில்லை. "இன்னாம்மா இது" என்று மெதுவாகக் கேட்பார். வீட்டுக்குப் போன பிறகும் அந்த "இன்னாம்மா இது" காதுக்குள் இருக்கும்.

சத்தப் புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சத்தம் வரும் அறைக்குப் போன் செய்ய வேண்டும். "சத்தம்" என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது, "ஏதாவது வேணுமா சார்?" என்றுதான் கேட்க வேண்டும். மனசாட்சி உள்ளவர்கள் அதிலேயே புரிந்துகொள்வார்கள். புரியாவிட்டால் நேரில் போக வேண்டும். கதவுக்கு நேராக நிற்காமல் ஓரமாக, வராண்டாப் பக்கம் ஒதுங்கி நின்று தட்ட வேண்டும். பெண்கள் போவதாக இருந்தால் கையில் இருக்கும் போனில் மேசையோடு பேச்சுத் தொடர்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும். நான் கதவு தட்டப் போன ஒவ்வொரு முறையும் என் இதயத் துடிப்புதான் மற்ற சத்தங்களைவிடப் பெரிதாகக் கேட்கும்.

அதற்கும் நிற்காவிட்டால் சாப்பாடு. ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். தட்டினாலும் கேட்கவில்லை. அந்துவான் சார் சமையலறைக்குப் போய்ச் சுடச்சுட மீன் வறுவல் போட்டுத் தட்டுத் தட்டாக அனுப்பச் சொன்னார். "வாயில முள்ளு இருந்தா எவனும் கத்த மாட்டான்மா" என்றார். அப்படியே நடந்தது. பாட்டைக்கூட அவர்களே குறைத்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் நம்பிய ஒன்று உண்டு. "சத்தம் போடுறவங்கள மாத்தாத. கேக்குறவங்கள மாத்து." சத்தம் போடுகிறவர்களோடு பேசினால் சண்டை வரும். புகார் சொன்னவருக்கு வேறு ஓர் அறையை, முடிந்தால் இன்னும் நல்ல அறையை, ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்துவிட்டால் அவர் நன்றி சொல்லிவிட்டுத் தூங்குவார். நான் பார்த்தவரை இது ஒருமுறைகூடத் தவறியதில்லை. இன்றும் எந்த விடுதியிலும் இதைத்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆடி மாதத்துக்குத் தனி ஏற்பாடு. தோப்புக்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில். திருவிழாவில் பம்பை, உடுக்கை, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து எங்கள் சுவர்களில் வந்து மோதும். சின்னக் காகிதப் பொட்டலங்களில் பஞ்சு மடித்து மேசையில் வைத்திருப்போம். யார் என்ன கேட்டாலும் புன்னகையோடு, "கோயில் விசேஷம் சார், பம்பை" என்று சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தை நீட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று தெரியாது. போன் மணி அடித்தாலே வாய் தானாகச் சொல்லத் தொடங்கிவிடும்.

எங்கள் அறைகள் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியவை. எண்களுக்குப் பதில் மரங்களின் பெயர்கள். கடைசியாக இருந்த ஜோடி புன்னை, பூவரசு. புன்னையின் குளியலறைச் சுவர்தான் பூவரசின் படுக்கைத் தலைமாட்டுச் சுவர்.

அந்த ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றும் நாள். பூவரசில் சேலத்திலிருந்து வந்த ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் தனியாகத் தங்கியிருந்தார். ஒற்றைத் தலைவலிக்காரர். வந்த அன்றே அமைதியான அறை வேண்டும் என்று கேட்டுத்தான் கடைசி அறையை வாங்கினார். புன்னையில் திருச்சிக்காரத் தம்பதி, கைக்குழந்தையோடு. அந்தப் பெண் பெயர் தீபா. காலையில் அவள் கணவர் மேசைப் பக்கம் வந்து, தான் மட்டும் படகில் கடலுக்குள் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனார். புன்னையின் கதவுப் பிடியில் "தொந்தரவு செய்யாதீர்" அட்டை தொங்கியது. குழந்தை தூங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் வாத்தியார் போன் செய்தார்.

"ஏம்மா, செவுத்துல யாரோ இடிக்கிறாங்க. தம்மு தம்முன்னு. நிக்குது, மறுபடி வருது."

"கோயில் விசேஷம் சார், பம்பை."

"பம்பை எங்க ஊர்லயுந்தாம்மா அடிக்கிறாங்க. இது என் தலைக்குப் பின்னாடி இடிக்குது."

"காத்து இந்தப் பக்கம் அடிச்சா அப்படித்தான் சார் கேக்கும்."

இதுவும் நாங்கள் வழக்கமாகச் சொல்வதுதான். அந்துவான் சார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "பக்கத்து ரூமுக்கு ஒரு போன் போடும்மா" என்றார். புன்னைக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இன்னொரு தரம் போட்டேன். "பீச்சுக்குப் போயிருப்பாங்க. வாத்தியாரை முன்பக்கம் மகிழத்துக்கு மாத்திடு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். மகிழ மர அறை கொஞ்சம் பெரியது. வாத்தியாரின் பையைத் தூக்க ஆளை அனுப்பினேன், எலுமிச்சைச் சாறு அனுப்பினேன். அவர் நன்றி சொன்னார். எல்லாம் முறைப்படி நடந்தது.

அதற்குப் பிறகுதான் அஞ்சலை அக்கா வந்தாள். அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. வீடு கோயில் தெருவில். ஒரு தூக்கு நிறையக் கூழை மேசை மேல் வைத்தாள்.

"இந்தா, குடி. ஏசியிலயே உக்காந்துக்கினு இருந்தா சாமி உன்ன மறந்துடும்."

"கூட்டம் ஜாஸ்தியாக்கா?"

"எங்க கூட்டம். கரண்ட்டு போயி எவ்ளோ நேரமாவுது. மைக்கு இல்ல, ஒண்ணும் இல்ல. பம்பக்காரன் ரெண்டு பேரும் பந்தல்ல உக்காந்து கருவாட்டுக் கொழம்ப ஒரு வழி பண்ணிக்கினு இருக்கானுங்க. இனிமே சாயந்தரம்தான் அடிப்பானுங்க."

எங்களுக்கு ஜெனரேட்டர் இருந்தது. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பம்பை நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை. கூழ்த் தம்ளர் கையில் இருந்தது. வாத்தியார் போன் செய்தபோது பம்பை அடித்ததா? அடித்திருக்கும். ஒருவேளை அடிக்காமல் இருந்திருந்தால்? யாராவது ஆணி அடித்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் ஆணி அடிப்பார்கள்?

நான் அப்படிப்பட்ட ஆள். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். அம்மா வீட்டில் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அன்றைக்கும் வெறும் அரிப்புதான் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் பூவரசின் சாவி இன்னும் மேசையில்தான் இருந்தது. "அக்கா, கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அறை காலியாக இருந்தது. கசங்கிய தலையணை, பாதி குடித்த தண்ணீர். மின்விசிறியை நிறுத்தினேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. அந்துவான் சார் வந்து பார்த்தால் என்ன சொல்வது, காலி அறையில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுந்துகூட விட்டேன்.

அப்போது கேட்டது. தம். கொஞ்சம் இடைவெளி. தம். அடிக்கிற கை ஓய்ந்துபோயிருந்தது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது.

நான் விரல் முட்டியால் சுவரைத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று தெரியாது. தட்டியதும் அந்தப் பக்கமிருந்து இடி மேல் இடியாக விழுந்தது. சுவரில் காதை வைத்தேன். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. "குழந்தை."

பொதுச்சாவி அந்துவான் சாரிடம் இருக்கும். அட்டை தொங்கும் கதவை அவர் இல்லாமல் திறக்கக் கூடாது. போனில் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அவர் சாப்பாட்டுக் கையோடு வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பின்னாலேயே, பழுது வேலை பார்க்கும் ஏழுமலை அண்ணன், கையில் சுத்தியலோடு.

அட்டை தொங்கும் கதவைத் தட்டி, யார் என்று சொல்லி, காத்திருந்து, மறுபடி தட்டி, அதன் பிறகுதான் திறக்க வேண்டும். அவர்தான் எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தவர். அவர் ஒரு தட்டுத் தட்டினார், உடனே சாவியைப் போட்டுவிட்டார்.

உள்ளே ஏசி குளிர். திரை இழுத்து விட்டிருந்ததால் இருட்டு. கட்டிலின் ஒரு பக்கம் தீபா தலையணைகளை அடுக்கி வைத்திருந்தாள். நடுவில் சின்னத் துண்டு விரித்திருந்தது. துண்டின் மேல் குழந்தை இல்லை.

குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து தீபாவின் குரல்: "யாரு? அவன் எங்க? அவன் சத்தமே கேக்கல. சொல்லுங்க, யாராவது சொல்லுங்க."

ஏழுமலை அண்ணன் அந்தக் கதவோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். நான் கட்டிலைச் சுற்றிக் குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கம் தரையில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. தலையணை வைக்காத பக்கம் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சந்து. அதில் அவர்களுடைய துணிப் பை. பையின் மேல் குழந்தை குப்புற, முகம் துணிக்குள் புதைந்து, ஒரு கை முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. அழவில்லை.

கையை நுழைத்துத் தூக்கினேன். உடம்பு சூடாக இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தலை என் தோளில் சாய்ந்தது. அந்துவான் சாரைப் பார்த்தேன். எத்தனையோ பேருக்கு, எத்தனையோ சமயத்தில், உடனே ஒரு சமாதானம் சொல்லத் தெரிந்தவர் அவர். குளியலறைக்குள் அந்தப் பெண் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழுமலை அண்ணனும் சுத்தியலை நிறுத்திவிட்டார். நான் குழந்தையின் முதுகைத் தேய்த்தேன். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். தேய்த்தேன்.

ஓர் இருமல் வந்தது. பிறகு அழுகை. அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. குளியலறைக்குள் இடிப்பது நின்றது. நாங்கள் யாரும் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உப்புக் காற்றில் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. ஏழுமலை அண்ணன் கதவுச் சட்டத்தைப் பெயர்த்துத்தான் திறந்தார். தீபா ஈரத் துணியோடு வெளியே வந்தாள். கையில் பித்தளைக் குழாய்ப் பிடி. திருகித் திருகி அதைக் கழற்றி, அதனால்தான் சுவரை இடித்திருக்கிறாள். விரல்களில் தோல் உரிந்திருந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கேயே உட்கார்ந்தபடி நடந்ததைச் சொன்னாள். குழந்தை தூங்கியதும் குளிக்கப் போனாள். திரும்ப வரப் பார்த்தால் தாழ்ப்பாள் நகரவில்லை. கூப்பிட்டிருக்கிறாள். பம்பைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பம்பை நின்ற பிறகு இடிக்கத் தொடங்கினாள். பக்கத்து அறையில் ஆள் நடமாட்டம் கேட்டது, அதனால் விடாமல் இடித்தாள்.

"அப்புறம் ரூம்ல போன் அடிச்சுதுங்க. ஐயோ, யாரோ கூப்பிடுறாங்களேன்னு சந்தோஷப்பட்டேன். அந்தச் சத்தத்துல அவன் முழிச்சுக்கிட்டான். அழுதான். திரும்பவும் போன் அடிச்சுது. தொப்புன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் அவன் அழவே இல்ல."

அவள் யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். போன் செய்தது யார் என்று அவள் கேட்கவும் இல்லை. பிறகு பக்கத்து அறையில் பை இழுக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். அதற்குப் பிறகு அங்கேயும் ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அப்பதான் எனக்குக் கை விட்டுப்போச்சு" என்றாள்.

கேட்கிற ஒரே ஆளை நாங்கள் எலுமிச்சைச் சாறு கொடுத்து அனுப்பிவிட்டிருந்தோம்.

பாகூர் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். நெற்றி வீக்கத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் பொழுது விடியும் வரை கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாந்தி எடுத்தாலோ, தூங்கும்போது எழுப்பி எழாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில் குழந்தை கண் சொருகும் ஒவ்வொரு முறையும் தீபா அதன் பாதத்தைச் சுண்டினாள். அது அழுதது. அவள் மூச்சு விட்டாள்.

மறுநாள் அந்துவான் சார் முதலாளியைக் கேட்காமலேயே எல்லாக் குளியலறைகளிலும் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். புதுசு வரும் வரை தாழ்ப்பாளே இல்லை. தங்கியிருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "பாடிக்கினே குளிங்க சார், யாரும் உள்ள வர மாட்டாங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எங்களுக்கு அவர் சொன்னது ஒன்றுதான். "கேக்குறவங்கள மாத்து. மாத்திட்டு, அவங்க இருந்த எடத்துல நீ போய் உக்காரு. நீயும் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு." நான் வேலையில் இருந்த வரை, இடம் மாற்றிய ஒவ்வொரு அறையிலும் போய் உட்கார்ந்தேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. டிவி இருக்கும், குறட்டை இருக்கும். ஒரு தடவை புறா. நேரம் வீண் என்று புதியவர்கள் சொல்லக்கூடும். சரியாக இருக்கலாம். வீணான நேரங்களை எல்லாம் சேர்த்தாலும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சுகன்யா சொன்ன பெட்டியை நான் குறை சொல்ல வரவில்லை. பெரிய சத்தத்தை அது என்னைவிடச் சீக்கிரம் பிடிக்கும். துணியில் முகம் புதைந்த குழந்தை எவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பெட்டியில் மெசேஜ் வருமா என்று தெரியவில்லை. தெரியாததால்தான் கேட்கிறேன்: மெசேஜ் வந்தால் போன் போடுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் எழுந்து போங்கள். சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் அப்போதும் எழுந்து போங்கள்.

இப்போது வில்லியனூர்ப் பக்கம் புகுந்த வீட்டில் இருக்கிறேன். மகள் தூங்கினால் மாமியார் டிவியைக் குறைப்பார். நான் வேண்டாம் என்பேன். அவள் அசைந்தால் பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன், அதில் அவள் விழித்துவிடுவாள். "ஊர்ல கொழந்த தூங்கலன்னு அழுவாங்க, இவ தூங்குதுன்னு அழுவுறா" என்பார் என் கணவர். இது அந்த நாளால் வந்ததா, இல்லை எல்லா அம்மாக்களுக்கும் இருப்பதுதானா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். கோயிலில் மறுபடி பம்பை தொடங்கியிருந்தது. கடலுக்குப் போயிருந்த கணவர் வெயிலில் கறுத்து வந்து சேர்ந்து, விஷயம் கேட்டு, வராண்டாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு வேறு அறை தருவதாகச் சொன்னோம். தீபா பொருள்களை மாற்ற மறுத்துவிட்டாள். குளியலறைக் கதவு போன அதே புன்னையிலேயே இருந்தாள்.

வாத்தியார் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"பூவரசு சாவியக் குடும்மா. நான் அங்கயே இருந்துக்கறேன்."

அந்துவான் சார், "மகிழம் சரியில்லையா சார்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குது. அங்க ஒண்ணுமே கேக்கல."

"பூவரசுல கொழந்த அழுகை கேட்டுக்கினே இருக்கும் சார். உங்க தலவலிக்கு ஆவாது."

"கேக்கட்டும். அதுக்குத்தான் கேக்கறேன்."

சாவியைக் கொடுத்தேன். வேலை முடிந்து நான் கிளம்பும்போது அந்த வராண்டா வழியாகத்தான் போனேன். வாத்தியார் தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, கதவைத் திறந்து போட்டு, வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புன்னையில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று அழுகை நின்றது. அவர் எழுந்து நின்றார். நானும் நின்றேன்.

உள்ளேயிருந்து தீபாவின் குரல் வந்தது. "பால் குடிக்கிறான் சார்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி உட்கார்ந்தார்.